'புல்லி': விளையாடாமலே தீர்ப்பு எழுதியவர்கள்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இது தாவரவியல் கட்டுரை இல்லை. பூவுக்கு அடியில் பச்சையாக இருக்கும் புல்லி வட்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. :-) இந்தப் 'புல்லி' ஆங்கிலப் புல்லி. தன்னைவிட நோஞ்சானாகப் பார்த்துச் சீண்டுவான், டிபன் பாக்ஸைப் பிடுங்குவான், அடிப்பான், அழுதால் சிரிப்பான். எந்த ஊர்ப் பள்ளிக்கூடமானாலும் தேடினால் வகுப்புக்கு ஒருத்தன் கிடைப்பான்.

அந்தப் பெயரில் 2006 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2-க்கு ஒரு வீடியோ கேம் வந்தது. செய்தவர்கள் ராக்ஸ்டார் வான்கூவர். 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' புகழ் (அல்லது இகழ்) ராக்ஸ்டாருக்குக் கனடாவில் இருந்த ஒரு கிளை. ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அடிக்கும் லூட்டிதான் கதை. ஐரோப்பாவில் இதே கேம் 'கேனிஸ் கேனம் எடிட்' என்ற லத்தீன் பெயரில் போனது. நாயை நாய் தின்னும் என்று அர்த்தம். கேமுக்குள் வரும் பள்ளிக்கூடத்தின் குறிக்கோள் வாசகமே அதுதான்! பிறகு 2008-இல் 'ஸ்காலர்ஷிப் எடிஷன்' என்று எக்ஸ்பாக்ஸ் 360, வீ, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் வந்தது. 2016-இல் செல்போனுக்கும் வந்துவிட்டது.

இந்தக் கேமைப் பற்றி ஒரு பேச்சு ஆரம்பத்திலிருந்தே உண்டு. "பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளை அடித்து உதைக்கச் சொல்லித் தரும் கேம்" என்பதுதான் அது. பச்சைப் பொய். ஆனால் சிலருக்கு ரொம்ப வசதியான பொய். யாருக்கு வசதி என்பதுதான் விஷயமே.

வருவதற்கு முன்பே வாங்கிய அடி

கேமை 2005-இல் அறிவித்தார்கள். அப்போது கேம் வெளியாள் ஒருவர் கையிலும் கிடையாது. பெயரும் கொஞ்சம் படங்களும்தான் தெரியும். அதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஜாக் தாம்சன் என்ற மயாமி வக்கீல் இதற்குக் 'கொலம்பைன் சிமுலேட்டர்' என்று நாமகரணம் சூட்டினார். பிரிட்டனில் கீத் வாஸ் என்ற தொழிற்கட்சி எம்.பி. நாடாளுமன்றத்திலேயே இதை இழுத்தார்.

கொலம்பைன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: 1999 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலம்பைன் உயர்நிலைப் பள்ளிக்குள் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு புகுந்து, கூடப் படித்தவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெயரைத் தூக்கி இன்னும் வெளிவராத ஒரு கேமின் தலையில் வைப்பது லேசான பழி இல்லை. செத்துப்போன பிள்ளைகளை வாதத்துக்குக் கூலியில்லாத சாட்சியாகக் கூட்டி வருவது அது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ராக்ஸ்டார் என்றாலே பெற்றோர் பயந்ததில் காரணம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமுக்குள் ஒரு பாலியல் காட்சி மறைந்து கிடந்தது 2005-இல்தான் அம்பலமாகி, அதன் வயதுச் சான்றிதழே மாறியது. பாலைக் குடித்துச் சூடுபட்ட பூனை மோரைப் பார்த்தும் ஓடத்தான் செய்யும். ஆனால் மோர்ப் பானையைத் திறந்துகூடப் பார்க்காமல் "உள்ளே விஷம்" என்று ஊர் முழுக்கத் தமுக்கு அடிப்பது வேறு விஷயம்.

2006 அக்டோபரில் கேம் கடைக்கு வருகிற நேரம். தாம்சன் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி ரொனால்ட் ஃப்ரீட்மன் அதுவரை திட்டிய யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார். கேமைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்! கம்பெனி ஆள் விளையாட, அவர் ஒரு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். பிறகு, வன்முறை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ராத்திரி டி.வி.யில் வருவதைவிட அதிகமில்லை, விற்பனையைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டே மணி நேரம். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய கூச்சலுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

அத்தோடு விட்டார்களா? பிரிட்டனில் தணிக்கை வாரியம் 15 வயதுக்கு மேல் ஆடலாம் என்று சான்றிதழ் கொடுத்த பிறகும், கறீஸ், பி.சி. வேர்ல்ட் கடைகளை நடத்திய நிறுவனம் இதை விற்கமாட்டோம் என்றது. 2008-இல் கனடா ஆசிரியர் கூட்டமைப்பும் வேறு சில நாட்டு ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து, இதை விற்காதீர்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டன. அதே வருஷம் பிரேசிலில் ஒரு நீதிபதி தடையே போட்டுவிட்டார்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

ஜிம்மி ஹாப்கின்ஸுக்கு 15 வயது. ஒட்ட வெட்டிய தலை, முறைத்த மூஞ்சி. இதற்கு முன் ஏழு பள்ளிக்கூடங்களிலிருந்து துரத்தப்பட்டவன். அம்மா புதிதாக ஒரு பணக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருஷத் தேனிலவுக்குக் கப்பலில் போகிறாள். போகிற வழியில் பையனைப் புல்வர்த் அகாடமி வாசலில் இறக்கிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். கேம் ஆரம்பிப்பதே இங்கேதான். அதாவது, கதையின் முதல் தப்பைப் பண்ணுவது பையன் இல்லை.

புல்வர்த் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கம் இருப்பதாகக் கற்பனை செய்த ஊர். பள்ளிக்குள் ஐந்து கூட்டம். குட்டிப் பசங்களை மொத்தும் முரடர்கள், அப்பன் காசில் மினுக்கும் பணக்காரப் பிள்ளைகள், எண்ணெய்த் தலையும் தோல் ஜாக்கெட்டுமாக சைக்கிள் ஓட்டும் 'கிரீசர்'கள், புத்தகமே கதியான படிப்பாளிகள், எல்லோருக்கும் மேலே ஃபுட்பால் டீம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவன், ஒரு இடம், ஒரு பகை. ஊருக்குள் போனால் படிப்பை விட்டுவிட்டுச் சுற்றும் பசங்கள் தனி.

"திறந்த உலகக் கேம், நினைத்ததை எல்லாம் செய்யலாம்" என்று நினைத்து உட்காருபவனுக்கு முதலில் கேட்பது பள்ளிக்கூட மணிதான்! காலை ஒன்பதரைக்கு ஒரு வகுப்பு, மதியம் ஒன்றரைக்கு ஒரு வகுப்பு. கட் அடித்தால் பிரிஃபெக்ட் என்ற கங்காணி மாணவர்கள் துரத்துவார்கள், ஊருக்குள் போனால் போலீஸ் துரத்தும். லாக்கருக்குள்ளோ குப்பைத் தொட்டிக்குள்ளோ ஒளிந்துகொள்ளலாம். ராத்திரி 11-க்கு மேல் வெளியே நடமாடினாலே குற்றம். இரண்டு மணி ஆனால் ஜிம்மி எங்கே நிற்கிறானோ அங்கேயே சுருண்டு விழுந்து தூங்கிவிடுவான். மாட்டிக்கொண்டால் புல் வெட்ட வேண்டும், பனிக்காலம் என்றால் பனி அள்ள வேண்டும். எந்தக் கேமிலாவது தண்டனையாகப் புல் வெட்டியது உண்டா?

படிப்பும் சும்மா ஒப்புக்கு இல்லை. ஆங்கில வகுப்பில் சில எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்து, முடிந்தவரை வார்த்தைகள் அமைக்கச் சொல்வார்கள். அதில் தேறினால் கிடைக்கும் பரிசு என்ன தெரியுமா? மன்னிப்புக் கேட்கும் திறமை! ஒழுங்காக ஆங்கிலம் படித்தவன் சண்டைக்கு வருபவனிடம் பேசியே தப்பித்துவிடலாம். (கெமிஸ்ட்ரி தேறினால் பட்டாசும் நாற்றக் குண்டும் செய்யலாம். இதற்கு வாத்தியார்கள் கோபப்பட்டால் அது நியாயம்தான் :-) )

ஆயுதங்கள்? கவண், நாற்றக் குண்டு, அரிப்புப் பொடி, கோலிக்குண்டு, முட்டை, உருளைக்கிழங்கு சுடும் குழல். நிஜத் துப்பாக்கி கிடையாது. ரத்தம் கிடையாது. அடி வாங்கியவன் முனகிக்கொண்டு கிடப்பானே தவிர, ஒருத்தனும் சாகமாட்டான். கொலம்பைன் எங்கே இருக்கிறது இதில்?

இன்னும் முக்கியமான ஒன்று. திரையின் மூலையில் ஒரு மீட்டர் இருக்கிறது. தப்புச் செய்யச் செய்ய ஏறும். சம வயதுப் பையனோடு கட்டிப் புரண்டால் கொஞ்சம்தான் ஏறும். ஒரு சின்னப் பையனையோ, பெண்ணையோ, பெரியவரையோ கை வைத்துப் பாருங்கள். மீட்டர் ஒரே தாவாகச் சிவப்பின் உச்சிக்குப் போய்விடும், பிரிஃபெக்ட்கள் பாய்ந்து வருவார்கள். 'எளியவனை அடிக்கக் கற்றுத்தரும் கேம்' என்றார்களே, எளியவனை அடிப்பதைத்தான் இந்தக் கேம் மற்ற எல்லாவற்றையும்விடக் கடுமையாகத் தண்டிக்கிறது. பெயர்ப் பலகையைப் படித்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

முதல் அத்தியாயத்தில் ஜிம்மிக்கு வரும் வேலைகளில் ஒன்று, ஆல்ஜி என்ற குண்டுப் பையனுக்குத் துணைக்குப் போவது. முரடர்கள் மறித்து நிற்பதால் தன் லாக்கர் வரைக்கும்கூடத் தனியாக நடக்க முடியாதவன் அவன். அந்த அத்தியாயத்தின் முடிவில் முரடர் கூட்டத் தலைவன் ரஸ்ஸலை ஜிம்மி வீழ்த்துகிறான். வீழ்த்திவிட்டு அவனிடம் வாங்கும் சத்தியம், இனிமேல் சின்னப் பசங்களைத் தொடக்கூடாது என்பது.

பெரியவர்கள் எங்கே போனார்கள்?

அப்படியானால் இந்தக் கேமில் நிஜக் குற்றவாளி யார்? இங்கேதான் அந்த வசதியான பொய்யின் ரகசியம் இருக்கிறது.

தலைமை ஆசிரியர் டாக்டர் கிராபிள்ஸ்னிச். பள்ளியின் பெருமை, ஒழுக்கம் என்று வாய் ஓயாமல் பேசுவார். தன் ஜன்னலுக்குக் கீழே யார் யாரை மொத்துகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. கணக்கு வாத்தியார் ஹாட்ரிக், கூட வேலை செய்யும் ஆங்கில வாத்தியார் காலவேயின் குடிப்பழக்கத்தைக் காட்டி அவரை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார். காலவே கடைசியில் மனநலக் காப்பகத்தில் அடைபடுகிறார். அங்கே போய் அவரை மீட்டு வருவது யார்? ஏழு பள்ளிகள் துரத்திய 'ரவுடி' ஜிம்மிதான். உடற்பயிற்சி வாத்தியார் பர்ட்டன் இன்னும் ஒரு படி மேலே. மாணவிகள் விடுதிக்குள் புகுந்து அவர்களுடைய உள்ளாடைகளைத் திருடி வரச் சொல்லி மாணவனையே ஏவுகிறார். ஜோயி என்ற பெண் அந்த பர்ட்டனைப் பற்றிப் புகார் சொன்னவள். புல்வர்த் அகாடமி என்ன செய்தது? பள்ளியை விட்டு வெளியேற்றியது. வாத்தியாரை இல்லை, அவளை!

ஆக, இது பையன்கள் கெட்டுப்போன கதையே இல்லை. கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்காத இடத்தில் பையன்கள் தாங்களாகவே ஒரு ராஜ்யம் அமைத்துக்கொண்ட கதை. பலசாலி கூட்டம் சேர்க்கிறான், பணக்காரன் கோட்டை கட்டுகிறான், பயந்தவன் நூலகத்தில் ஒளிகிறான். நாயை நாய் தின்னும் என்று சுவரில் எழுதி வைத்தது மாணவர்களா, நிர்வாகமா?

இப்படி ஒரு கதையைப் பார்த்து ஆசிரியர் சங்கங்களுக்குக் கோபம் வந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். "எங்களை இவ்வளவு கேவலமாகக் காட்டலாமா?" என்று கேட்டிருந்தால் அது நேர்மையான சண்டையாக இருந்திருக்கும். ஆனால் அவர்கள் பேசியது முழுக்க மாணவர்களைப் பற்றி. மாணவன் மாணவனை அடிக்கிறான், மாணவன் கெட்டுப்போவான், மாணவனிடமிருந்து கேமைப் பிடுங்குங்கள். கண்ணாடியில் தெரிந்த தங்கள் முகத்தைப் பார்க்காமலே, கண்ணாடியை உடைக்கக் கல் தேடினார்கள்.

அப்படியென்றால் கேம் உத்தமமா?

இல்லை. திட்டுவதற்கு இதில் நிறையவே இருக்கிறது. விளையாடியவர்கள் திட்டலாம். விளையாடாதவர்கள் அந்த நியாயமான திட்டுகளைக்கூடக் கோட்டைவிட்டார்கள் என்பதுதான் பெரிய சோகம்.

ஒன்று, பெண்கள். ஒரு பெண்ணுக்குப் பூவோ சாக்லேட்டோ கொடுத்து முத்தம் வாங்கினால் ஜிம்மியின் உடல்பலம் ஏறும். பெண் அங்கே ஒரு டானிக் பாட்டில், அவ்வளவுதான். பர்ட்டன் சொல்லி உள்ளாடை திருடும் வேலையைக் கேம் சிரிப்புக் காட்சியாகத்தான் நடத்துகிறது. வாத்தியார் அயோக்கியன் என்று காட்டியதெல்லாம் சரி, அந்த அயோக்கியத்தனத்தை ஆடுபவன் கையால் செய்யவைத்துக் கிச்சுகிச்சு மூட்டுவது எந்த ஊர் நியாயம்? ஜோயியின் புகார் எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு சைக்கிள் பந்தயத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டு, கேரி ஸ்மித். கதையின் வில்லன். முதலில் ஜிம்மியோடு ஒட்டிக்கொண்டு, பிறகு முதுகில் குத்துபவன். அவன் மன நலத்துக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டவன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். மாத்திரையை நிறுத்தினான், ஆகவே வில்லனானான்! காப்பகமும் ஒரு பயங்கர மாளிகையாகத்தான் வருகிறது. வகுப்பில் உண்மையிலேயே அப்படி ஒரு மாத்திரை சாப்பிடும் பிள்ளை இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? ஜாக் தாம்சனுக்கு இது தோன்றவே இல்லை.

மூன்றாவதுதான் ஆணிவேர். "அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று ஊரில் ஒரு பழமொழி உண்டே, கேமின் முக்கால்வாசி அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது. முரடர்களா? தலைவனை அடி. பணக்காரப் பிள்ளைகளா? தலைவனை அடி. கிரீசர்களா, ஃபுட்பால் டீமா? தலைவனை அடி. அடித்ததும் மொத்தக் கூட்டமும் மரியாதையாக வணக்கம் போடுகிறது. நிஜ வாழ்க்கையில் அடி வாங்குகிற பையனுக்கு ஜிம்மியின் கைப்பலம் கிடையாது. அவன் ஆல்ஜி. "திருப்பி அடி" என்பது அவனுக்கு யோசனையே இல்லை, இன்னொரு தண்டனை.

ஆனால் கேமுக்கே இது பாதி தெரிந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கூட்டத்தையும் ஜெயித்துப் பள்ளிக்கே ராஜாவான பிறகு ஜிம்மிக்குத் தலைக்கனம் ஏறுகிறது. ஊர் நகராட்சி மன்றக் கட்டடத்தில் பெயின்ட் அடித்துக் கிறுக்குகிறான். கேரி பின்னாலிருந்து காய் நகர்த்த, கட்டி வைத்த சமாதானம் சீட்டுக்கட்டு வீடு மாதிரி சரிகிறது. ஜிம்மியை எட்டாவது பள்ளியும் துரத்துகிறது. அடியால் வந்த மரியாதை எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கேம் அங்கே காட்டிவிடுகிறது. கடைசியில் எல்லாம் சரியானதும் மாணவர் தலைவன் பதவி ஜிம்மிக்குப் போவதில்லை. ஆரம்பம் முதல் எல்லோரிடமும் கேலி வாங்கிக்கொண்டு, ஒருவரையும் அடிக்காமல் கூடவே வந்த பீட் என்ற குட்டிப் பையனுக்குப் போகிறது. பர்ட்டனுக்கு வேலை போகிறது. ஜோயி பள்ளிக்குத் திரும்புகிறாள். நம்பிய கேரியின் லட்சணம் தலைமை ஆசிரியருக்கு எப்போது புரிகிறது? அவரைக் கட்டிப்போட்ட பிறகு, கேரியின் வாயாலேயே கேட்ட பிறகு!

"சும்மா ஒரு கேம்தானே?"

எதிர்ப்பாளர்கள் பாதித் தப்பு என்றால், ரசிகர்கள் மீதித் தப்பு. யாராவது இந்தக் கேமைக் குறை சொன்னால் உடனே வரும் பதில், "அட விடுங்க, சும்மா ஒரு கேம்தானே". இந்தப் பதில் கேமுக்குச் செய்யும் அவமானம். சும்மா ஒரு கேம் என்றால், அந்தச் சிவப்பு மீட்டருக்கும் அர்த்தமில்லை, காலவேயை மீட்டதற்கும் அர்த்தமில்லை. நல்லது சொல்லும் சக்தி உண்டு என்றால் கெட்டது சொல்லும் சக்தியும் உண்டு. பாராட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, திட்டு வரும்போது "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று நழுவுவது எந்த வகுப்பிலும் நடக்கும் பழைய தந்திரம். அடித்தவன் வாத்தியாரிடம் மாட்டியதும் சொல்வதும் அதேதானே? "சும்மா விளையாட்டுக்கு சார்!"

ராக்ஸ்டார் வான்கூவர் கிளையை 2012-இல் மூடிவிட்டார்கள். கூச்சல் போட்டவர்கள் எப்போதோ வேறு கேமுக்குப் போய்விட்டார்கள். போகாமல் அங்கேயே நிற்பவன் ஒருவன் மட்டும்தான். லாக்கர் வரை தனியாக நடக்கப் பயப்படும் அந்தப் பையன். கேமை விற்காமல் தடுத்த கடையில் அவனுக்கு ஒரு நாள் அடிகூடக் குறையவில்லை. தடை போட்ட ஊரிலும் குறைந்திருக்காது. ஏனென்றால் அவனை அடித்தது பிளேஸ்டேஷன் இல்லை, பக்கத்து பெஞ்ச். அதைப் பார்த்தும் பார்க்காமல் போனது ஸ்டாஃப் ரூம்.

வீட்டில் ஒரு பிள்ளை இந்தக் கேமைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பெரியவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த மயாமி நீதிபதி மாதிரி இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளாடைத் திருட்டு வரும்போது "இது சிரிக்கிற விஷயமா?" என்று கேட்கலாம். ஆல்ஜி வரும்போது "உன் வகுப்பில் இப்படி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கலாம். பிள்ளை பதில் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

கேமைப் பிடுங்குவது இதைவிடச் சுலபம்தான். அதனால்தான் எல்லோரும் அதையே செய்தார்கள்.